மூன்றாம் முறை கூப்பிட்டபோது

அத்தியாயம் 12

ஏழு ஒத்திகை முடிந்திருந்தது. ஏழிலும் ரேடியோ நின்றுபோயிற்று.

வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசுகிற பெண் அவள். பேச ஆரம்பித்தால் அணைக்கிற குமிழ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதனால்தான் 'ரேடியோ' என்ற பெயர். ஆனால் எதிரே ஒரு மேஜை, அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஒரு கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் கரகரப்புகூட வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் படிக்க ஆசைப்பட்டதே பேச்சுச் சிகிச்சை. பேச வராதவர்களுக்குப் பேச்சு வரவைக்கிற படிப்பு.

இன்று எட்டாவது ஒத்திகை. கடைசியும் இதுதான். மதியம் இரண்டரை மணிக்குக் கல்லூரியில் நேர்காணல். அப்பா இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தவறவிட்ட அதே கல்லூரி.

அவள் அப்பா, கண்ணாடிக்காரர், தன் மூக்குக்கண்ணாடிக் கடைக் கதவில் 'இன்று விடுமுறை' அட்டையை மாட்டிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு தங்கையின் பள்ளிக்கூடப் படியேறியபோது மணி ஒன்பது.

தங்கையின் அறையில் ஒன்பது பத்து.

அந்த அறையின் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடும். பழுதில்லை. தங்கையே திருப்பி வைத்தது. கடைசி வருஷப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்துவது அவள் வேலை. விண்ணப்பம் நிரப்புவது, தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வைப்பது, நேர்காணலுக்குப் பழக்குவது எல்லாம் இந்த அறையில்தான். கரும்பலகையின் மூலையில் அழிக்கவே கூடாத மூன்று வரிகள் எழுதியிருக்கும்.

*முந்தின நாளே: சான்றிதழ் ஃபைல். இரண்டு பேனா. ஷூ வாசலில், ஜோடியாக.*

"வாடி ரேடியோ. பேட்டரி போட்டாச்சா?"

"போட்டாச்சு அத்தை. ஸ்டேஷன்தான் கிடைக்கல. அம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. நான் பதறக் கூடாதாம். அதைச் சொல்லிச் சொல்லி அவங்க பதர்றாங்க. பாவம், இன்னைக்கு யாருக்கு ஊசி போடப் போறாங்களோ."

"இதே வாயை அங்க கொண்டு போயேன்."

"வாய் வரும் அத்தை. சத்தம்தான் வீட்லயே தங்கிடுது."

கண்ணாடிக்காரரின் கண் மேஜைமேல் நின்றது. பள்ளிக்கூடத்துச் சங்கீத அறையிலிருந்து இரவல் வாங்கிய பழைய டேப் ரெக்கார்டர். பக்கத்தில், போன வாரம் தங்கை வீட்டுப் பரணில் கிடைத்த செருப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரே ஒரு கேசட்டை அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதன் முதுகில் அண்ணன் தங்கை இருவரின் அம்மாவுடைய உருண்டை எழுத்தில் 'பெரியவன்'.

பெரியவன் என்பது அவர்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார்.

"நீ சும்மா இருண்ணா. இவ கேட்கட்டும். பேசத் தெரிஞ்ச குடும்பம் இதுன்னு இவளுக்கு ஒரு ஆதாரம் வேணும்."

பட்டன் 'டக்' என்று விழுந்தது.

முதலில் இரைச்சல். பிறகு எங்கோ ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். அப்புறம் அம்மா.

அதே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் அம்மா. நேர்காணல் நாட்களில் கையில் பட்டியலோடு கதவருகே நின்று பெயர் கூப்பிடுவது அவளுடைய பொறுப்பு. கேசட்டில் வந்தது அந்த ஆபீஸ் குரல். கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு குரல். அவருடைய முழுப் பெயரையும் முதலெழுத்தோடு கூப்பிட்டாள்.

கூப்பிட்டு முடித்த கையோடு மூக்கால் ஒரு சிரிப்பு. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் 'புஸ்' என்று ஒரு மூச்சு விடுமே, அந்த மாதிரி.

"சிரிக்காதம்மா." பதினேழு வயசுக் குரல்.

"யாரு சிரிச்சா? உள்ள வா. கதவுலேர்ந்து மூணே அடி. நாற்காலியை இழுக்காத, தூக்கிப் போடு."

"தூக்கித்தான் போட்டேன்."

"அப்ப என்ன அந்தச் சத்தம்?"

"அது என் முட்டி."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பிக்கொண்டால் மட்டும்? பழைய வீட்டுச் சமையலறை மேஜை கண்முன் வந்துவிட்டது. அப்பாவின் தடித்த ஃபிரேம் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறைத்து வைத்துவிட்டு, கல்லூரி முதல்வராக மாறி உட்கார்ந்திருக்கும் அம்மா வந்துவிட்டாள். அவள் முன்னால் ஒரு தகர டப்பா. பக்கத்தில் பழைய சட்டைகளிலிருந்து பிய்த்த பித்தான்கள். எதிரே இருப்பவன் பதிலுக்கு நடுவே "வந்து... வந்து..." என்று இழுத்தால், ஒவ்வொரு 'வந்து'வுக்கும் ஒரு பித்தான் டப்பாவுக்குள் விழும். 'டிங்'.

மே மாதம் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவர்கள் வீட்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சலூனில் உட்கார்ந்திருப்பதுபோல. "உனக்கு எத்தனை பித்தான்?" என்பதுதான் அப்போது தெருவில் நலம் விசாரிப்பு. தபால்காரர் மகனுக்கு ஒருநாள் டப்பாவே நிரம்பிவிட்டது. அம்மா அவனிடம், "போதும்பா, இனிமே ஒரு சட்டை தைச்சுக்கலாம்" என்றாள். அந்தப் பையன் இப்போது வக்கீல்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க." கேசட்டில் அம்மா மகனை 'நீங்க' என்றாள். விளையாட்டென்றால் விளையாட்டு.

"எங்க வீட்டுல நாலு பேர். நான் மூத்தவன். எனக்குப் பாலங்கள் பிடிக்கும். எங்க போனாலும் பாலத்துக்கு அடியில போய் நின்னு பார்ப்பேன். மேல போறவங்களுக்கு அது வெறும் ரோடு. அடியில நின்னாத்தான் அது பாலம்னு தெரியும்."

ரேடியோ டேப் ரெக்கார்டர் பக்கம் சாய்ந்தாள்.

பன்னிரண்டு நிமிஷம் பேசியிருந்தான் அந்தப் பையன். இரண்டே இரண்டு 'டிங்'. கடைசியில் அம்மா ஆபீஸ் குரலை விட்டுவிட்டு, "இப்படியே பேசுடா. போதும்" என்றாள். தங்கை பட்டனை அமுக்கி நிறுத்தினாள்.

"அப்பா," என்றாள் ரேடியோ மெதுவாக. "நீயா இது?"

"குரல் உடையற வயசு. யாரா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

"பஸ் மட்டும் அன்னைக்குப் பழுதாகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த தங்கை, முடிக்காமல் கேசட்டின் உறையைத் துடைத்தாள். "சொல்லப்போனா பஸ்ஸைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. ஷூவை ஒளிச்சு வெச்சது நான்தானே."

"எந்த ஷூ?" ரேடியோ நிமிர்ந்தாள்.

"உங்கப்பா சொன்னதில்லையா? எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அம்மாவும் இவனும் தினம் இன்டர்வியூ விளையாடுவாங்க, என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. அன்னைக்குக் காலைல கோவத்துல இவனோட இடது ஷூவை எடுத்துத் துணிக்கூடைக்கு அடியில போட்டுட்டேன். அம்மா சீக்கிரமே ஆபீஸ் போயாச்சு. இருபது நிமிஷம் தேடினான். எட்டு பத்து பஸ் போயிடுச்சு. அடுத்ததுல ஏறினான். அது பாதி வழியில படுத்துடுச்சு."

"அத்தை..."

"சாயந்திரம் அம்மா வந்து, 'பஸ் பழுதாயிடுச்சாமே'ன்னு கேட்டாங்க. இவன் 'ஆமா'ன்னான். நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். ஷூவைப் பத்தி இவன் ஒரு வார்த்தை சொல்லல. என்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல." தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது. "அதான் இந்தக் கடிகாரம். அதான் அந்தப் போர்டு. பசங்க எனக்கு 'ஷூ மிஸ்'னு பேர் வெச்சிருக்காங்க, தெரியும்ல?"

கண்ணாடிக்காரர் கரும்பலகையைப் பார்த்தார். *ஜோடியாக.*

நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் என்ன? ஒரே ஒரு வரிதான்.

"நேரமாச்சு," என்றார். "ஒத்திகையைப் பாருங்க."

எட்டாவது ஒத்திகையும் முந்தைய ஏழைப்போலவே முடிந்தது. மூன்று அடி நடந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் தங்கை. ரேடியோவின் வாய் திறந்தது, மூடியது. கண்ணில் மட்டும் நீர் கட்டியது.

---

கல்லூரி வராண்டாவில் பச்சைப் பெயின்ட் போய்ச் சந்தன நிறம் வந்திருந்தது. மரப் பெஞ்சு போய் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள் வந்திருந்தன. கதவு மட்டும் அதே கதவு. கதவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அறிவிப்பும் அதேதான்.

*மூன்று முறை பெயர் அழைக்கப்படும். அதன் பிறகும் வராதவர் வரவில்லை என்றே குறிக்கப்படுவார்.*

கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் மகளை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த இடம் என்று யோசித்து உட்காரவில்லை. கால் அங்கே கொண்டுபோய் விட்டது.

கதவருகே பட்டியலோடு ஓர் ஊழியர் நின்றிருந்தார். இளைஞர். அவருடைய கண்ணாடி இடதுபக்கம் சாய்ந்து, நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. திருகாணி தளர்ந்துவிட்டது. கண்ணாடிக்காரரின் விரல்கள் சட்டைப்பையில் இருந்த குட்டித் திருப்புளியைத் தானாகத் தடவின. எங்கே போனாலும் முகத்துக்கு முன்னால் ஃபிரேமைப் பார்க்கிற தொழில்.

"இன்னும் நாலு பேர்," என்றாள் ரேடியோ. அதன் பிறகு பேசவில்லை.

அவள் பேசாமல் இருந்த அந்த ஐந்து நிமிஷம்தான் அவரை நிஜமாகவே பயமுறுத்தியது.

"அப்பா."

"ம்."

"கூப்பிட்டா நான் எந்திரிக்க மாட்டேன்னு தோணுது."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பதில் தெரியாம இல்லப்பா. எல்லாம் தெரியும். ஆனா அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் எனக்காக வந்த மாதிரியே இல்ல. உன் பஸ்ஸைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வந்த மாதிரி இருக்கு. சின்ன வயசுலேர்ந்து அந்த பஸ் கதையைக் கேட்டுட்டேன். அத்தை என்னைப் பார்க்கிறப்பெல்லாம் அந்த ஷூவைத்தான் பார்க்கிறாங்கன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. நானும் இங்க ஊமையா உட்கார்ந்துட்டா, அத்தை அதையும் அவங்க தலைல போட்டுக்குவாங்க."

உள்ளே மணி அடித்தது. ஊழியர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். ஒரு பையன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். இன்னும் மூன்று பேர்.

"பஸ் பழுதாகல," என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னது?"

"அன்னைக்கு பஸ் பழுதாகல. ஷூ கிடைச்சுது. அடுத்த பஸ்ல ஏறினேன். நல்லா ஓடிச்சு. அரை மணி முன்னாலயே இங்க வந்துட்டேன். இதோ, இதே இடத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

ரேடியோ வாயைத் திறந்தாள். முதல் தடவையாக அது பயத்தால் அல்ல.

"பாட்டி?"

"அந்தக் கதவுகிட்ட. கையில பட்டியல். என் பேர் வந்துது. கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"நான் எந்திரிக்கல."

"ஏன்?"

அவர் தன் முட்டியைத் தடவினார். "காலைல கேசட்டுல கேட்டியே, கூப்பிட்டதும் ஒரு சிரிப்பு. வீட்டுல அந்தச் சிரிப்பு வந்தப்புறம்தான் நான் எந்திரிப்பேன். அப்படியே பழகிடுச்சு. அன்னைக்கு அது வரும்னு உட்கார்ந்திருந்தேன். வரல. ஆபீஸ் அம்மாவா நின்னாங்க. யாரோ மாதிரி. எனக்குக் கால் ஓடல."

"சிரிக்கலைன்னா எந்திரிக்க மாட்டியா? இது என்னப்பா பைத்தியக்காரத்தனம்."

"இப்ப சொன்னா அப்படித்தான் இருக்கும்."

"அப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு போய்விட்டது.

"ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. நேரா என்னைப் பார்த்தாங்க. மூணாவது தடவை குரல் கொஞ்சம் நீண்டுது. சாப்பிடக் கூப்பிடுவாங்கள்ல, அந்த மாதிரி. அப்புறம் பென்சிலை எடுத்துப் பட்டியல்ல ஒரு கோடு போட்டாங்க. அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் நான் இங்க உட்கார்ந்தே கேட்டேன்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"என்ன சொல்றது? வேலை. நான் எட்டு ஸ்டாப் நடந்தே வீட்டுக்குப் போனேன். சாயந்திரம் வந்தாங்க. எங்கப்பா கேட்கிறதுக்கு முன்னாலயே, 'பஸ் பழுதாயிடுச்சாமே'ன்னாங்க. எனக்காக வழியில யோசிச்சு வெச்சிருக்காங்க. நானும் 'ஆமா'ன்னேன். கடைசி வரைக்கும் அவங்களும் கேட்கல, நானும் சொல்லல."

இன்னும் இரண்டு பேர்.

"அத்தைக்கு?"

"தெரியாது."

"அப்பா, அத்தை கடிகாரத்தையே திருப்பி வெச்சிருக்காங்க."

"தெரியும்மா."

"இருபத்தொன்பது வருஷம். ஒருநாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணாம இல்ல. முதல்ல வெக்கம். அப்புறம் அதைச் சொல்றதுக்கு ஒரு நல்ல நேரம் வேணும்னு இருந்துட்டேன். அந்த நேரம் வரவே இல்ல."

ரேடியோ எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சடாரென்று திரும்பினாள். பேரம் பேசும்போது அவள் அம்மாவுக்கு வருகிற அதே முகம்.

"நான் எந்திரிச்சா நீ அத்தைகிட்ட சொல்லணும்."

"என்ன?"

"அவ்வளவுதான். நான் எந்திரிக்கிறேன். நீ சொல்ற. இன்னைக்கே."

"இன்னைக்கு வேணாம்மா. ஞாயித்துக்கிழமை பொறுமையா..."

"இன்னைக்கே."

கதவு திறந்தது. உள்ளே போன பெண் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து கர்ச்சீஃபைத் தேடினாள். அடுத்த பையன் வரவே இல்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு ஊழியர் கோடு போட்டார். கண்ணாடிக்காரர் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்தார். 

பிறகு மகளின் பெயர் வந்தது. முழுப் பெயர், முதலெழுத்தோடு.

ரேடியோ எழவில்லை.

கை ஃபைலை இறுக்கிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. உதடு அசைந்தது. கால் அசையவில்லை.

ஊழியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாம் முறை கூப்பிட்டார்.

கண்ணாடிக்காரருக்குத் தோளைப் பிடித்துத் தூக்கிவிடலாமா என்றிருந்தது. 'எந்திரிம்மா' என்று கத்தலாமா என்றிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவருக்கே தெரியாமல் மூக்கால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற மூச்சு. அம்மாவுடைய சிரிப்பு. இத்தனை வருஷம் அது தன் மூக்குக்குள் இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த அமைதியான வராண்டாவில் அது நன்றாகவே கேட்டது. பத்துத் தலைகள் திரும்பின. ஊழியர் முறைத்தார்.

ரேடியோ அப்பாவைப் பார்த்தாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. குலுங்கிய வேகத்திலேயே எழுந்துவிட்டாள்.

"சார், நான்தான். வந்துட்டேன் சார்."

கதவிலிருந்து மூன்று அடி. நாற்காலியைத் தூக்கிப் போட்ட சத்தம்கூட வெளியே கேட்கவில்லை.

---

பத்தொன்பது நிமிஷம்.

அதில் முதல் ஐந்து நிமிஷம் அவர் அறிவிப்புப் பலகையைப் படித்தார். அடுத்த ஐந்து நிமிஷம் திரும்பவும் படித்தார். அப்புறம் பொறுக்க மாட்டாமல் எழுந்து ஊழியரிடம் போனார்.

"தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு சார்?"

"கண்ணாடியோட இடது கை ஆடுது. நாளைக்கு விழுந்துடும். ஒரு நிமிஷம்தான்."

ஊழியர் தயங்கிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் திருகாணியை முடுக்கி, மூக்குத் தாங்கியை அரை நூல் அளவு உள்ளே வளைத்து, சட்டை நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஊழியர் போட்டுப் பார்த்தார். தலையைக் குனிந்து பார்த்தார். இறங்கவில்லை.

"அப்ப எதுக்கு சார் அப்படிச் சிரிச்சீங்க?"

"அது உங்களைப் பார்த்து இல்ல தம்பி. எங்க வீட்டு வழக்கம்."

கதவு திறந்தது. ரேடியோ வெளியே வந்தாள். வராண்டாவின் முனைவரை வாயே திறக்கவில்லை. படி இறங்கியதும் திறந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் மூடவில்லை.

"மூணு பேருப்பா. நடுவுல ஒரு மேடம். உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. ஒரு வாரமா எனக்கே பேச்சு வரல மேடம், அதனால பேச்சு வராதவங்க எப்படி இருப்பாங்கன்னு இப்ப நல்லாத் தெரியும்னு சொன்னேன். மூணு பேரும் எழுதறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். எத்தனை 'வந்து' போட்டேன்னு தெரியல. அரை டப்பா இருக்கும். கடைசில அந்த மேடம், உங்க வீட்டுல யாராவது இங்க படிச்சிருக்காங்களான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"எங்கப்பா இந்த வாசல் வரைக்கும் வந்திருக்காருன்னேன்."

கண்ணாடிக்காரர் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். சிமென்ட் பெஞ்சு. வெயிலில் சூடேறியிருந்தது.

"சிரிச்சாங்களா?"

"இல்லப்பா. எழுதிக்கிட்டாங்க." ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பட்டியல் அடுத்த வியாழக்கிழமை ஒட்டுவாங்களாம். கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியல. ஆனா நான் எந்திரிச்சேன்."

"எந்திரிச்ச."

"அப்ப?"

அவர் பதில் சொல்வதற்கு முன் போன் அடித்தது. தங்கை.

"என்னாச்சுண்ணா? பேசினாளா?"

"பேசினா. பத்தொன்பது நிமிஷம்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அப்பாடா. கூட்டிட்டு வா, ஒவ்வொரு கேள்வியா கேட்கணும்." சற்று நிறுத்தினாள். "அண்ணா, இன்னொண்ணு. மத்தியானம் சாப்பிடறப்ப அம்மா சிரிப்பை இன்னொரு தடவை கேட்கலாம்னு அந்தக் கேசட்டைப் போட்டேன். அப்படியே ஓட விட்டுட்டேன். உன் இன்டர்வியூ முடிஞ்சு ரொம்ப நேரம் வெறும் இரைச்சல். திடீர்னு அம்மா. ஆபீஸ் குரல் இல்ல, சாதாக் குரல். 'பெரியவனே, இன்னைக்கு உன் பேரைக் கூப்பிட்டப்ப'ன்னு ஆரம்பிச்சாங்க. நான் நிறுத்திட்டேன். உனக்குப் பேசினதை நான் முதல்ல கேட்கக் கூடாதுல்ல."

கண்ணாடிக்காரரின் காதுக்குள் வெயில் இரைந்தது.

"ஆனா எனக்குப் புரியலண்ணா. நீதான் அன்னைக்குப் போய்ச் சேரவே இல்லையே. அப்புறம் எப்படி உன் பேரைக் கூப்பிட்டப்ப...?"

எதிரே பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ரேடியோ பஸ்ஸைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா."

அவர் வாய் திறந்தது, மூடியது.

"அண்ணா, லைன்ல இருக்கியா?"

பஸ் கதவு மூடிக்கொண்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு, எந்தப் பழுதும் இல்லாமல் கிளம்பிப் போயிற்று.

"அண்ணா..."

மூன்றாம் முறை அவள் குரல் கொஞ்சம் நீண்டது.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பெஞ்சை விட்டு எழுந்து, நிழலில்லாத அந்த ரோட்டோரத்தில், நாற்காலிக்கு முன் நிற்கிற பையன்போல நேராக நின்றிருந்தார்.

"இருக்கேன்," என்றார். "அன்னைக்கு பஸ் பழுதாகல. நீ ஒளிச்சு வெச்ச ஷூவாலயும் ஒண்ணும் ஆகல. நான் நேரத்துக்குப் போயிட்டேன். அம்மா கூப்பிட்டாங்க. நான்தான் எந்திரிக்கல."

மறுமுனையில் பத்து நிமிஷம் முன்னால் ஓடும் அந்தக் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை படியிறங்கி ஓடுவது கேட்டது.

"சின்னவளே?" என்றார்.

 'டக்' என்று ஒரு பட்டன் விழுந்தது.

அதன் பின் போன் வழியாக அந்தக் கேசட்டின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.